மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் வாசித்துப் பழகி, இப்போது சம்பளத்துக்கு மேடையேறத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. எந்த ஃப்ரெட்டில் எந்த சுரம் என்பது தெரியும், நாலைந்து ஸ்கேல் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது கருவியைப் பற்றித்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

வேலைக்கென்று ஒரே ஒரு பேஸ் வாங்குவதானால் எது?

பிரிசிஷன் வகை, இல்லாவிட்டால் ஜாஸ் வகை. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்தது பிரிசிஷன். இன்று நாம் பார்க்கும் இரட்டைத் துண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) அதற்கு 1957இல் வந்தது. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. பிறகு வந்த பெரும்பாலான பேஸ்கள் இந்த இரண்டின் வழியில் வந்தவைதான். சவுண்ட் இன்ஜினியர்களின் காதுக்கும் இந்த இரண்டு ஒலியும் பழக்கம். அவரோடு பத்து நிமிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

பிரிசிஷனில் ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். எதைத் திருப்பினாலும் பேண்டுக்குள் உட்கார்ந்துவிடும். ஜாஸில் இரண்டு பிக்கப் இருப்பதால் குரலை அதிகம் மாற்றலாம், நெக்கும் மெலிது. ஆனால் இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஒன்றைக் குறைத்தால் விளக்குகளும் டிம்மரும் நிறைந்த மேடையில் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கூடவே வரும்.

கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டையை மாட்டி இருபது நிமிடம் நின்று பாருங்கள். கையை எடுத்ததும் நெக் கீழே சாய்கிறதா, தோள் கனக்கிறதா என்று தெரிந்துவிடும். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் மரத்தின் வகையைவிட எடைதான் உங்களுக்கு முக்கியமாகப் படும்.

ஐந்து கம்பி அவசியமா?

யாருக்கு வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சொந்தப் பாடல்கள் வாசிக்கும் குழுவுக்கு நான்கு போதும். பாடகர் மாற மாற ஸ்கேலும் மாறும் மேடையென்றால் ஐந்தாவது கம்பி பெரிய ஆறுதல். பாட்டை ஈ ஃப்ளாட்டுக்கோ டிக்கோ இறக்கினாலும் விரல் அமைப்பைக் குலைக்காமல் அப்படியே நகர்த்திக்கொள்ளலாம். தாழ்ந்த சுரம் கிடைப்பதைவிட இந்த வசதிக்காகத்தான் பலர் ஐந்துக்கு மாறுகிறார்கள்.

திறந்த ஈ கம்பியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பியான தாழ்ந்த பி 30.9 ஹெர்ட்ஸ். பல ஸ்பீக்கர்களில் 31 ஹெர்ட்ஸ் சொல்லும்படி வெளியே வருவதே இல்லை. அதன் மேல்சுரங்களைக் கேட்டுக் காதுதான் அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. எனவே பி கம்பியை ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். சுரம் தெளிவாகக் கேட்டால் நல்ல கருவி. கட்டை தட்டியதுபோல் மட்டும் கேட்டால் எந்த ஆம்பும் அதைக் காப்பாற்றாது.

நான்கு கம்பியிலேயே இருப்பவர்கள் ஈயை டிக்கு இறக்கலாம். இல்லாவிட்டால் ஐந்து கம்பி செட்டின் தாழ்ந்த நான்கையும் மாட்டி பி, ஈ, ஏ, டி என்று சுருதி சேர்க்கலாம். இதற்கு நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் நட்டின் பள்ளங்களைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

ஆக்டிவா, பாசிவா?

இரண்டும் நல்லதுதான். பாசிவ் என்றால் பேட்டரி இல்லாதது. ஆக்டிவ் என்றால் உள்ளே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட்டும் அதற்கு 9 வோல்ட் பேட்டரியும் இருக்கிறது, ஜாக்கைச் செருகியிருக்கும் வரை அது தீர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். இடைவேளையில் ஒயரைக் கழற்றுங்கள். பேட்டரி செத்தாலும் பாசிவாக மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் இருக்கும் மாடல், மேடைக்கு நிம்மதி.

கம்பி எந்த வகை? எப்போது மாற்றுவது?

ரவுண்ட்வௌண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) கணீரென்று பேசும், விரல் உரசலும் சேர்ந்து கேட்கும். ஃப்ளாட்வௌண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) வழவழப்பு, சுரம் சட்டென்று தடித்துக் கேட்டு அடங்கிவிடும். ரவுண்ட்வௌண்டின் மினுமினுப்பு பேஸ் உலகில் பரவியதற்கு 1966இல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விஸில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய கம்பிகள் ஒரு முக்கியக் காரணம். எதிர்த்திசையில் மோட்டவுன் ரெக்கார்டு நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன். 1962 பிரிசிஷன், தடித்த ஃப்ளாட்வௌண்ட், வலக்கையில் ஒற்றை ஆள்காட்டி விரல். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பார்கள். இரண்டு ஒலியும் இன்றைக்கும் வேலைக்கு ஆகிறது.

பழைய ரவுண்ட்வௌண்டைக் கொதிக்க வைத்தால் அழுக்கு போய்ப் பளபளப்பு திரும்பும், உண்மைதான். சில நாள்தான் தாங்கும். நிகழ்ச்சியன்று காலையில் புதுக் கம்பி மாட்டாதீர்கள். இழுபட்டு நிலைக்கும் வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். முந்தின நாளே மாட்டி, நன்றாக இழுத்துவிட்டு, வாசித்து வையுங்கள்.

எத்தனை வாட்ஸ் ஆம்ப் வேண்டும்?

வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆக 300க்கும் 500க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். அதே காசில் இன்னொரு கேபினெட் வாங்கினால் காதுக்குத் தெரியும்.

கேபினெட் சேர்க்கும்போது ஓம் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம், அதைப் பல ஆம்புகள் தாங்காது. ஆம்பின் பின்புறம் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், அதற்குக் கீழே போகக் கூடாது. "4 ஓமில் 500 வாட்ஸ்" என்று போட்டிருந்தால், ஒரே ஒரு 8 ஓம் கேபினெட்டில் அந்த 500 முழுதாகக் கிடைக்காது. வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் வாசிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஆம்பிலிருந்து கேபினெட்டுக்குப் போவது ஸ்பீக்கர் ஒயர், கிட்டாரிலிருந்து ஆம்புக்கு வருவது கிட்டார் ஒயர். முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு வேறு. அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செருகுபவர்கள் நிறைய. மெல்லிய கிட்டார் ஒயரில் ஸ்பீக்கருக்கான மின்சாரம் ஓடினால் அது சூடாகி ஆம்பையும் கெடுக்கலாம். இரண்டுக்கும் வேறு நிற டேப் சுற்றி வையுங்கள்.

ஆம்பே இல்லாமல் டிஐ பாக்ஸ் மட்டும் எடுத்துப் போனால்?

டிஐ என்பது பேஸின் ஒலியை நேராக மிக்சருக்கு அனுப்பும் சிறு பெட்டி. மேடை மானிட்டர் அல்லது காதுக்குள் மானிட்டர் நன்றாக இருந்தால் தாராளமாக. இப்போது பல மேடைகளில் பேஸ் கூட்டத்துக்குப் போவதே டிஐ வழியாகத்தான். ஆம்ப் உங்களுக்கும் டிரம்மருக்கும் மட்டும். ஆக்டிவ் டிஐ என்றால் மிக்சரிலிருந்து 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரைச்சல் வந்தால் முதலில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே அடங்கும்.

ஆம்பில் உள்ள டிஐயில் "ப்ரீ", "போஸ்ட்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். போஸ்ட்டில் இருந்தால் நீங்கள் திருப்பும் ஈக்யூ (கீழ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) எல்லாம் வெளியேயும் போகும். மேடையில் உங்கள் வசதிக்காக அடித்தொனியை ஏற்ற, கூட்டத்துக்கு வெள்ளம்போல் பாயும். ப்ரீயில் வையுங்கள்.

வீட்டில் அருமையாகக் கேட்கிற டோன் பேண்டோடு வாசிக்கும்போது காணாமல் போகிறதே, ஏன்?

தனியாக வாசிக்கும்போது காதுக்கு இதமாக இருப்பது கீழும் மேலும் தூக்கி நடுவைக் குறைத்த ஒலி. பேண்டில் கீழ்ப்பகுதியைக் கிக் டிரம் எடுத்துக்கொள்கிறது, மேற்பகுதியைச் சிம்பலும் கிட்டாரும் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் குறைத்து வைத்த அந்த நடுப்பகுதிதான் உங்களுக்கு மிச்சமிருந்த இடம். 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும், டிரம்மர் சேர்ந்ததும் சரியாகிவிடும். 200 ஹெர்ட்ஸ் பக்கம் சேறாகக் குழம்பினால் அங்கே குறையுங்கள். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் போட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் வீணாக ஆடாது.

இன்னொன்று, நீங்கள் நிற்கும் இடம். 41 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். சுவரில் பட்டுத் திரும்பும் அலையோடு சேர்ந்து ஓரிடத்தில் பெருகும், சில அடி தள்ளி நின்றால் காணாமல் போகும். சவுண்ட் செக்கின்போது நீளமான ஒயரோடு கீழே இறங்கி நடந்து பாருங்கள். "பேஸ் கேட்கவில்லை" என்று மேடையில் நாப்பை ஏற்றிக்கொண்டே போகிறவர், முன்வரிசைக்காரரின் நெஞ்சை அதிர வைத்துக்கொண்டிருக்கலாம்.

கேபினெட்டைக் காது உயரத்துக்கு ஏற்றுங்கள், அல்லது சாய்த்து வையுங்கள். முழங்காலுக்குக் காது கிடையாது.

செட்டப் நானே செய்யலாமா?

செய்யலாம், செய்யத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஈரப்பதமும் வெப்பமும் மாறினால் நெக் வளைகிறது. குளிர்சாதன அறையிலிருந்து திறந்தவெளிக்குப் போனாலே வித்தியாசம் தெரியும்.

முதல் ஃப்ரெட்டையும் நெக் உடலோடு சேருமிடத்தில் உள்ள ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு 7, 8ஆவது ஃப்ரெட் பக்கம் இடைவெளி பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும். நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடை இறுக்கினால் நெக் நேராகும், தளர்த்தினால் வளைவு கூடும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு கம்பி உயரம்: 12ஆவது ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மி.மீ. வரை பெரும்பாலோருக்குச் சரிப்படும். கடைசியாக இன்டொனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி சரியாக நிற்பது. 12ஆவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தியது உயர்ந்திருந்தால் பிரிட்ஜில் கம்பி படியும் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றினால் செய்ததையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

விரலா, பிக்கா?

இரண்டும் பழகுங்கள். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பிடித்தால் பேஸ்காரரே இல்லை என்று யாராவது சொன்னால் கேரல் கேயின் பெயரைச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் அவர் பிக்கால் வாசித்துத்தான் பேர் வாங்கினார்.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. எதைப் பயிற்சி செய்வது?

சுரத்தை எங்கே நிறுத்துவது என்பதை.

எங்கே தொடங்குவது என்று எல்லோரும் பழகுகிறார்கள், நிறுத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. பேஸில் ஒரு சுரம் கம்பி அதிரும் வரை ஓடும். அதை அடக்குவது உங்கள் கைதான். ஒரே வரியை, ஒரே சுரங்களை, மூன்று நீளங்களில் வாசித்துப் பாருங்கள். முழுதாக ஓடவிட்டு ஒருமுறை, பாதியில் நிறுத்தி ஒருமுறை, டிரம் செட்டின் ஸ்னேர் அடி விழும் நொடியில் சரியாக வெட்டி ஒருமுறை. மூன்றாவது முறை டிரம்மர் திரும்பிப் பார்ப்பார். அவருடைய ஸ்னேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. கூட்டத்தில் ஒருவருக்கும் என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் கால் ஆடும்.

நிறுத்தம் வர இரண்டு கையும் வேண்டும். இடக்கை விரலை ஃப்ரெட்டிலிருந்து லேசாக உயர்த்தி, ஆனால் கம்பியைவிட்டு எடுக்காமல் அடக்குவது ஒன்று. வாசிக்காத கம்பிகளை வலக்கைக் கட்டைவிரல் மேலிருந்து அழுத்தி நிற்பது மற்றொன்று. ஏ கம்பியில் வாசித்தால் கட்டைவிரல் ஈயில், டிக்குப் போனால் அதுவும் கூடவே இறங்கி ஏயில் சாய்ந்தபடி ஈயையும் மூடும். ஐந்து கம்பிக்காரர்களுக்கு இது இல்லாமல் பிழைப்பே இல்லை.

மெட்ரோனோமை வைத்து விளையாட ஒரு வழி: 80இல் வாசிக்க வேண்டியதை 40இல் வைத்து, அந்த க்ளிக்கை இரண்டாம், நான்காம் அடியாக எண்ணுங்கள். அது பழகியதும் இன்னும் பாதியாக்கி, ஒரு பாருக்கு (நான்கு அடிக்கு) ஒரே க்ளிக். நடுவில் உள்ள காலத்தை நீங்களே சுமக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். மிச்ச நேரம் இருந்தால் ஸ்கேல்.

கை வலிக்கிறது. மணிக்கட்டு முறுக்குகிறது.

முதல் சந்தேகம்: வலக்கையால் ஓங்கி அடிக்கிறீர்கள். ஆம்பை ஏற்றுங்கள், விரலை இறக்குங்கள். மென்மையாக வாசித்தால் சுரம் நீளமாகவும் நிற்கும்.

இரண்டாவது: முதல் ஃப்ரெட்டுகளில் நான்கு விரலையும் ஃப்ரெட்டுக்கு ஒன்றாக விரிப்பது. 34 அங்குலக் கருவியில் முதல் ஃப்ரெட்டின் அகலமே ஏறத்தாழ 48 மி.மீ. 12ஆவதைத் தாண்டினால் பாதிதான். கீழ்ப்பகுதியில் டபுள் பேஸ்காரர்களின் வழியைப் பின்பற்றுங்கள்: 1, 2, 4 என்ற விரல்கள் மூன்று ஃப்ரெட்டுக்கு, மூன்றாவது விரல் நான்காவதற்குத் துணை. ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் விரலுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். பட்டையை, உட்கார்ந்து வாசிக்கும்போது கருவி இருக்கும் அதே உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். முழங்காலில் தொங்கும் பேஸ் புகைப்படத்துக்கு நல்லது.

மரத்துப்போவது, ஊசி குத்துவது, இரவில் வலியால் விழிப்பது இவையெல்லாம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். "வாசிக்க வாசிக்கச் சரியாகும்" என்பவர் சொல்லைக் கேட்காதீர்கள்.

நாளை மறுநாள் நிகழ்ச்சி, முப்பது பாட்டு அனுப்பியிருக்கிறார்கள். எப்படித் தயாராவது?

முதலில் கருவியைத் தொடாமல் எல்லாப் பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். மூன்றாகப் பிரியுங்கள்: கேட்டதுமே வாசித்துவிடக்கூடியவை, வடிவம் மட்டும் சிக்கலானவை, பேஸ் வரியே பாட்டின் அடையாளமாக இருப்பவை. கடைசிக் கூட்டத்தில் ஐந்தாறு பாட்டுதான் இருக்கும். நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள். அந்த வரியைத் தவறவிட்டால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்.

மற்ற பாட்டுகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும். பாட்டின் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) எழுத்தில் எழுதாமல் எண்ணில் எழுதுங்கள். ஜி ஸ்கேலில் ஜி, டி, ஈ மைனர், சி என்பது 1, 5, 6, 4. பாடகர் மேடையில் திரும்பி "ஏயில் போகலாம்" என்றால் அதே எண்ணே ஏ, ஈ, எஃப் ஷார்ப் மைனர், டி ஆகிவிடும். தாளில் ஒன்றும் அழிக்க வேண்டாம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு விஷயம் கட்டாயம்: யார் தொடங்குகிறார், எத்தனை பார் முன்னிசை, எங்கே எல்லோரும் சேர்ந்து நிறுத்துகிறார்கள், எப்படி முடிகிறது. நடுவில் ஒரு சுரம் தப்பினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லோரும் நின்ற பிறகு நீங்கள் மட்டும் ஒரு அடி கூட வாசித்தால் ஊரே கவனிக்கும். பதிவில் பாட்டு மெல்லத் தேய்ந்து முடிந்தால் மேடையில் எப்படி முடிப்பது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நடுப்பாட்டில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போனால்?

காலத்தை விடாதீர்கள். கம்பியை அடக்கி, சுரமில்லாமல் "டக் டக்" என்று தாளத்தை மட்டும் வாசித்தபடி பாடகரைக் கேளுங்கள். டிரம்மரின் ஃபில் (இடையில் வரும் உருட்டல்) வந்தால் அடுத்த பகுதி வருகிறது என்று அர்த்தம். அங்கே ஏறிக்கொள்ளலாம். தப்பான சுரம் விழுந்துவிட்டால் பெரும்பாலும் சரியான சுரம் ஒரு ஃப்ரெட் பக்கத்தில்தான் இருக்கும். சறுக்கிப் போங்கள், முகத்தில் மட்டும் காட்டாதீர்கள்.

மேடையில் எங்கே நிற்பது?

டிரம்மரின் ஹை-ஹாட் பக்கம், கிக்கின் மிதி தெரியும் இடத்தில். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஏழு மீட்டர் தள்ளி நின்றால் கிக் உங்களுக்கு 20 மில்லிவினாடி தாமதமாகக் கேட்கும். அதற்கேற்ப நீங்கள் வாசித்தால், அவருக்கு உங்கள் சுரம் இன்னும் 20 தாமதம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்வீர்கள்.

காதுக்கு அடைப்பான் வேண்டுமா?

வேண்டும். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம். ஒரு ராக் மேடையில் மூன்றாவது பாட்டுக்குள் அது தீர்ந்துவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் அடைப்பான்கள் உண்டு. பஞ்சு வகை மேல்பகுதியை மட்டும் அதிகம் விழுங்கும், எல்லாம் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும்.

பையில் என்னென்ன?

இரண்டு கிட்டார் ஒயர், ட்யூனர், ஒரு முழுக் கம்பி செட், கம்பி வெட்டும் குறடு, சேடிலுக்கும் டிரஸ் ராடுக்கும் ஏற்ற அலன் சாவிகள், 9 வோல்ட் பேட்டரி இரண்டு, டிஐ, துணி டேப், டார்ச், பேனா. ஆம்ப் கொண்டுபோனால் அதற்கேற்ற ஃப்யூஸ். பட்டை பூட்டு இல்லாவிட்டால் ரப்பர் வாஷரையாவது மாட்டுங்கள். பெடல் ஒன்றுதான் என்றால் ட்யூனர் பெடல். மிதித்தால் சத்தமும் அடங்கும்.

சம்பளம் எப்படிப் பேசுவது?

தொகையை மட்டும் பேசி முடித்துவிடுவதுதான் தொல்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணி நேரம் வாசிப்பு, கூடுதல் நேரமானால் எவ்வளவு, போக்குவரத்தும் தங்கலும் யார் செலவு, ஒத்திகை சம்பளத்தில் சேர்ந்ததா தனியா, ரத்தானால் அட்வான்ஸ் என்னவாகும், மீதி எப்போது கைக்கு வரும். இத்தனையையும் ஒரு செய்தியாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும், எழுத்து மறக்காது. இப்படிக் கேட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ என்று பயப்படாதீர்கள். நேரத்துக்கு வந்து, பாட்டைத் தெரிந்துகொண்டு வந்து, ஒலியைக் கட்டுக்குள் வைத்திருப்பவரைத்தான் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

போக முடியாமல் போனால் பதிலுக்கு ஒருவரை நீங்களே ஏற்பாடு செய்து, உங்கள் குறிப்புத் தாள்களையும் கொடுத்தனுப்புங்கள். உங்களைவிட நன்றாக வாசிப்பவராக இருந்தாலும் பரவாயில்லை. அவரும் நாளைக்கு உங்களைக் கூப்பிடுவார்.

பாட்டின் நடுவில் கம்பி அறுந்தால்?

பேஸில் அரிது. அறுந்தால் மிச்சக் கம்பிகளில் முடியுங்கள். ஏ கம்பி போனால் அதன் சுரங்கள் ஈயில் ஐந்து ஃப்ரெட் மேலே இருக்கின்றன. ஜி போனால் டியில், அதே ஐந்து. ஈ போனால் ஒரு ஸ்தாயி மேலே வாசித்து ஒப்பேற்றலாம். பாட்டு முடிந்ததும் பாடகரிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஒரே கம்பி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுகிறதென்றால் சேடிலில் கூர்மையான விளிம்பு இருக்கிறது. வீட்டுக்குப் போய் மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் சரியாகிவிடும்.